கிராம சபையில் எதை முதலில் கேட்பது, ரோடா பள்ளியா? (சேர்வராயன் மலை)

எழுதியவர்: பலாமரத்தடி

வணக்கங்க. எங்கள் ஊர் சேர்வராயன் மலையில், குப்பனூர் பக்கம் இறங்கும் பாதையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. 58 வீடு. எல்லாருக்கும் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகு, வீட்டோரம் பலா, கொய்யா. தார் ரோட்டிலிருந்து ஊருக்கு 3 கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் ஜீப் ஏறாது. அவசரமென்றால் நோயாளியைத் தொட்டில் கட்டித்தான் தூக்கி வருகிறோம். ஊரில் ஐந்தாவது வரை பள்ளி உண்டு. ஆறாவதுக்கு 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஊரே சேர்ந்து போவதாக முடிவாகியிருக்கிறது. பத்துக் கோரிக்கையை அடுக்கினால் எதுவும் நடக்காது, ஒன்றை அழுத்திக் கேட்போம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எதை என்பதில்தான் இரண்டு வாரமாகப் பேச்சு. ஆண்கள் பக்கம் ரோடு. "ரோடு வந்தால் காசு வரும், காசு வந்தால் பிள்ளையை எங்கு வேண்டுமானாலும் படிக்க வைக்கலாம்" என்கிறார்கள். என் அம்மாவும் மற்றப் பெண்களும் பள்ளியை எட்டாவது வரை உயர்த்தக் கேட்கச் சொல்கிறார்கள். "ரோடு வந்தால் வியாபாரிக்கு லாபம், படித்த பிள்ளை இருந்தால்தான் வீட்டுக்கு லாபம்" என்பது அம்மாவின் பேச்சு.

நான் டிப்ளமோ முடித்து சேலத்தில் வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. எது வந்த பிறகு வீட்டு வருமானம் உண்மையிலேயே கூடியது என்று மலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் போதும்.


எழுதியவர்: இருபதாவது வளைவு

தம்பி, ரோடுதான். 16 வருடமாக அடிவாரத்துக்கும் மலைக்கும் ஜீப் ஓட்டுகிறேன். மண் பாதையில் ஏறினால் டீசல் இரண்டு பங்கு குடிக்கும், வருடத்துக்கு இரண்டு முறையாவது வண்டியின் ஸ்பிரிங் பட்டா உடையும். அதையெல்லாம் வாடகையில்தான் போட்டாக வேண்டும், வேறு வழியில்லை. தார் ரோட்டில் 3 கிலோமீட்டருக்கு மூட்டைக்கு 20 ரூபாய் வாங்குகிற நான், அதே 3 கிலோமீட்டர் மண் பாதைக்கு 70 வாங்குகிறேன். மழை நாளில் வரவே மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். சொல்லும்போது கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும். தாரோடு சேர்த்து ஓரக் கால்வாயும் சிறுபாலமும் கேளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் பெரிய மலைப்பாதையிலேயே மண் சரிந்து வண்டி நின்றது. தண்ணீர் ஓட வழியில்லாத சின்ன ரோடு இரண்டு மழைக்காலம் தாங்காது.


எழுதியவர்: மிளகுக்கொடி

பலாமரத்தடி தம்பி, இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரிலும் இதே பேச்சு நடந்தது. எங்களுக்கு ரோடு 2013இல் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வீட்டுக் கணக்கு என்னிடம் இருக்கிறது. எட்டாவது படிக்கும்போதிலிருந்து அப்பாவின் நோட்டை நான்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர். தார் ரோட்டுக்கு மூன்றரை கிலோமீட்டர் இறக்கம். 2010 பருவத்தில் 14 மூட்டை காப்பி, 50 கிலோ மூட்டை. அந்த இறக்கத்தில் ஒரு ஆள் 25 கிலோவுக்கு மேல் சுமக்க முடியாது, அதனால் ஒரு மூட்டை இரண்டு சுமை. சுமைக்கு 60 ரூபாய். 28 சுமைக்கு 1,680 ரூபாய் என்று நோட்டில் இருக்கிறது. கீழே போனதும் ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு 2 கிலோ கழித்தார்கள். அதுவும் இருக்கிறது.

இது கண்ணுக்குத் தெரிந்த செலவு. நோட்டில் எழுத முடியாத நட்டம்தான் பெரியது. பழுத்த காப்பிப் பழத்தைப் பறித்த அன்றே பல்பரில் விட்டுத் தோல் நீக்கி, ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட். அதற்குத்தான் நல்ல விலை. சாயங்காலத்துக்குள் பல்பருக்குப் போகாத பழம் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் புளித்துவிடும். எங்கள் ஊரில் யாரிடமும் பல்பர் கிடையாது. ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பருப்புதான் தேறும். அவ்வளவு எடையை அன்றன்றைக்குத் தலையில் வைத்து யார் இறக்குவது? அதனால் ஊரே பழத்தை அப்படியே களத்தில் கொட்டிக் காயவைத்தோம். மார்கழிப் பனியில் மூன்று வாரம் கிண்டிவிட்டாலும் அடியில் பூஞ்சை பிடிக்கும். விடிகாலையில் களத்தில் உட்கார்ந்து கறுத்துப்போன பழத்தை அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ரோடு வந்த முதல் பருவத்திலேயே பழம் வாங்க பிக்கப் வண்டி ஊருக்குள் வந்தது. பறித்த அன்றே எடை, அன்றே காசு.

மேலே ஏறும் பொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை யாரும் சொல்வதில்லை. வீட்டுக்குத் தளம் போட 2009இல் வாங்கிய 40 மூட்டை சிமெண்டுக்குக் கொடுத்த சுமைக்கூலி, சிமெண்ட் விலையில் பாதிக்கு வந்தது. உரம், ஓடு, கம்பி எல்லாமே அப்படித்தான். விற்கும்போதும் இழப்பு, வாங்கும்போதும் இழப்பு. ரோடு இல்லாத ஊரில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும் ரோட்டோரத்தில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவரும் ஒன்றுதான்.

இதுவரை படித்தால் நான் ரோடு கட்சி என்று தோன்றும். இன்னும் கேளுங்கள்.

ரோடு எங்கள் ஊர் 70 வீட்டுக்கும் ஒரே நாளில்தான் வந்தது. ஆனால் 70 வீட்டிலும் ஒரே மாதிரி காசு சேரவில்லை. ஐந்தாறு வருடம் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் கண்ணை உறுத்தியது. பத்தாவது வரையாவது படித்த ஆள் இருந்த வீடுகளில் வங்கியில் பயிர்க் கடன் வாங்கினார்கள். காப்பி வாரியத்தின் மானியப் படிவத்தை நிரப்பினார்கள். கூலி ஆளுக்கான காசு கையில் இருந்ததால் பழுத்ததை மட்டும் பார்த்து மூன்று நான்கு நடையாகப் பறித்தார்கள். படித்தவர் இல்லாத வீடுகளில், சித்திரையில் பூ பூத்திருக்கும்போதே வியாபாரி வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். பூவைப் பார்த்துப் பேசிய விலைதான் தை மாதத்து விலை. முன்பெல்லாம் அந்த வியாபாரி மூன்றரை கிலோமீட்டர் ஏறி வர யோசிப்பார். ரோடு வந்த பிறகு பைக்கில் வீட்டு வாசலுக்கே வந்தார். உங்கள் அம்மா சொல்வது இதைத்தான். அவரை யாரும் சும்மா பேசுகிறார் என்று தள்ளிவிட வேண்டாம்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2016 மாசி மாதம். 180 கிலோ மிளகு காயவைத்து மூட்டை கட்டி வைத்திருந்தோம். ஒரு வியாபாரி பிக்கப்பில் வந்தார். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார், உள்ளங்கையில் உருட்டி ஊதினார், இரண்டு மிளகு மணி பறந்தது. "பதர் ஜாஸ்திம்மா, கிலோவுக்கு 30 ரூபாய் குறைச்சுக்கிறேன்" என்றார். அப்பா வழக்கம்போலத் தலையாட்டப் போனார்.

நான் அப்போது பிகாம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அதற்குச் சில மாதம் முன்பு ஒரு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். மிளகின் தரத்தைக் கையால் ஊதிப் பார்க்கக் கூடாது, லிட்டர் எடை பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு லிட்டர் அளவையில் நிரப்பினால் 550 கிராம் நிற்கும் மிளகு நல்ல கெட்டி மிளகு. நோட்டில் குறித்து வைத்திருந்தேன். உள்ளே போய்ப் பால் அளக்கும் லிட்டர் அளவையையும், அம்மா தேன் விற்க வாங்கிய சின்ன எலக்ட்ரானிக் தராசையும் எடுத்து வந்தேன். அளவையை வெறுமனே வைத்து எடையைக் குறித்தேன். மூட்டையின் நடுவிலிருந்து மிளகு எடுத்து அழுத்தாமல் நிரப்பி, ஸ்கேலால் மேலே வழித்துவிட்டேன். 548 கிராம். இன்னொரு மூட்டையில் 543. வியாபாரி தராசையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் பேசாமல் முழு விலைக்கு எழுதினார். 180 கிலோவுக்கு 5,400 ரூபாய்.

அந்த 5,400 ரூபாய் படிப்பால் வந்தது என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். நான் அப்படி மட்டும் நினைக்கவில்லை. ரோடு இல்லாத காலத்தில் இதே பேரம் தார் ரோட்டு ஓரத்தில் நடந்திருக்கும். எட்டு சுமை மிளகை மூன்றரை கிலோமீட்டர் இறக்கி வைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில், 548 கிராம் என்று என்னால் நிரூபிக்க முடிந்தாலும், "வேண்டாம், எடுத்துப் போகிறேன்" என்று சொல்ல முடியுமா? மேலே ஏற்றச் சுமைக்கூலி யார் கொடுப்பது? கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு வந்திருப்போம். சரக்கு நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போதுதான் மறுக்கத் தைரியம் வரும். எதற்காக மறுக்கிறோம் என்று சொல்லப் படிப்பு வேண்டும். அன்று இரண்டும் ஒரே திண்ணையில் இருந்தன.

இனி என் தம்பி கதை. இதை எழுத மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ரோடு வந்தபோது அவன் பத்தாவது முடித்திருந்தான். நல்லாப் படிக்கிற பையன், கணக்கில் 87. ரோட்டு வேலைக்கு வந்த வண்டியில் ஜல்லி ஏற்ற ஆள் கேட்டார்கள், நாளுக்கு 350 ரூபாய். அப்புறம் பிக்கப்பில் கிளீனர், அப்புறம் சேலத்தில் கட்டட வேலை. பதினொன்றாவது சேரவே இல்லை. ரோடு இல்லாமல் இருந்திருந்தால் அந்த வேலை அவன் கண்ணுக்கே பட்டிருக்காது, விடுதியில் இருந்து படித்திருப்பான். முதல் ஐந்து வருடம் அவன் கொண்டுவந்த காசு என்னுடையதைவிட அதிகம், அதில்தான் நான் பிகாம் படித்தேன். அதை மறக்க மாட்டேன். இன்று அவன் பிறர் வண்டியை ஓட்டுகிறான், மாதம் 15,000. நான் ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன், 24,000. அவனோடு பத்தாவது முடித்து ஐடிஐ போன பையன் எலக்ட்ரீஷியன் வேலையில் என்னைவிட அதிகம் வாங்குகிறான். தம்பிக்கும் இது தெரியும். தன் பெண்ணை ஒரு நாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போட விடுவதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு நடந்தது வேறு. ரோடு வந்த முதல் வருடம் அவர்களுக்கு ஒன்றுமே மாறவில்லை. பழம் ஏற்றும் வண்டி சாயங்காலம் வரும். ஷேர் ஜீப் காலை 10 மணிக்கு வரும், பள்ளி அதற்கு முன்பே தொடங்கிவிடும். தார் போட்ட ரோட்டிலேயே 4 கிலோமீட்டர் நடந்தார்கள். நானும் அதே 4 கிலோமீட்டர் நடந்தவள்தான். ஆறாவதில் நாலு பேராகப் போனோம், ஏழாவது முடிவதற்குள் இருவராகிவிட்டோம். வயதுக்கு வந்த பிள்ளையைக் காட்டு வழியில் அனுப்ப யாருக்கும் மனசு வராது, அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. இரண்டாவது வருடம் பெற்றோர்கள் சேர்ந்து பிள்ளைக்கு மாதம் 200 ரூபாய் போட்டு, காலை 8 மணிக்கு வருமாறு ஒரு ஜீப்பைப் பேசினார்கள். எங்கள் தெருவில் மட்டும் 9 பெண் பிள்ளைகள் அந்த ஜீப்பில் போய்ப் பத்தாவது முடித்தார்கள். எனக்கு முன் எங்கள் தெருவில் பத்தாவது முடித்த பெண் ஒருவர்கூட இல்லை.

அதனால் தம்பி, ரோடா பள்ளியா என்று கேட்டால் என்னால் ஒன்றைச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ரோட்டைப் பிள்ளைகளின் படிப்பாக மாற்றியது எட்டு மணி வண்டி. தார் இருந்தும் வண்டி இல்லாத அந்த ஒரு வருடமும் பிள்ளைகளுக்கு மண் பாதை வருடம்தான். கிராம சபையில் ஒன்றை அழுத்திக் கேட்பதென்றால், காலையில் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வண்டியோடு ரோட்டைக் கேளுங்கள்.


எழுதியவர்: வசிஷ்டநதிக்கரை

மிளகுக்கொடி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் ஆத்தூர் பக்கம், பொருளாதாரம் சொல்லிக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் நடந்ததை ஆய்வாளர்கள் நாடு முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் எண்ணாகச் சொல்லிவந்த விஷயத்தை இன்று ஒரு வீட்டுக் கதையாகப் படித்தேன்.

1999இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இந்திய அரசு கிராமங்களில் செய்த செலவுகளில் வறுமையை அதிகம் குறைத்தது சாலைச் செலவு என்று சொன்னது. விவசாய ஆராய்ச்சி இரண்டாவது, கல்வி மூன்றாவது. ரோடு கட்சிக்காரர்கள் கையில் எடுக்கும் ஆய்வு இதுதான். ஆனால் 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் ரோடு கிடைத்த ஊர்களைப் பிற்பாடு ஆராய்ந்த சாம் ஆஷர், பால் நோவோசாட் இருவரும் 2020இல் வேறு படம் காட்டினார்கள். ரோடு வந்த ஊர்களில் ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளி வேலைக்குப் போனார்கள். விளைச்சலிலோ வருமானத்திலோ சொத்திலோ பெரிய மாற்றம் தெரியவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் அதே இருவரும் அஞ்சலி அடுக்கியாவும் சேர்ந்து பார்த்தபோது, ரோடு வந்த ஊர்களில் நடுநிலைப் பள்ளிச் சேர்க்கை சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. ஷில்பா அகர்வாலின் 2018 ஆய்வு, ரோடு வந்த பிறகு 14 முதல் 20 வயதுப் பிள்ளைகள் படிப்பை விட்டு வேலைக்குப் போனதைக் கண்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று மாணவர்கள் கேட்பார்கள். மிளகுக்கொடியின் தெருவில் இரண்டும் நடந்திருக்கிறதே. சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்த அதே ரோடு, பத்தாவது முடித்த பையனை ஜல்லி வண்டிக்கு இழுத்திருக்கிறது. ரோட்டின் மறுமுனையில் எந்த வேலை நிற்கிறது என்பதைப் பொறுத்தது அது.

இன்னொன்றையும் ஊரில் சொல்லுங்கள். விவசாயக் குடும்பம் என்றால் வருமானம் வயலிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறோம். 2018-19க்கான தேசிய மாதிரி ஆய்வில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலி, சம்பளமாக வந்தது 4,063, பயிரில் வந்தது 3,798. பயிர் வருமானத்தை ரோடு கூட்டலாம். சம்பள வருமானம் 350 ரூபாய்க் கூலியாக நிற்குமா, மாதச் சம்பளமாக மாறுமா என்பது படிப்பில்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியிலும் இதே கதைதான். பிடுங்கிய கிழங்கு ஓரிரு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் கெட்டுவிடும், அதற்கு ரோடு வேண்டும். ஆலையில் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். அந்தப் பாயிண்டை எப்படி எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்த விவசாயிக்கு ஒரு விலை, சீட்டை மட்டும் வாங்கிவரும் விவசாயிக்கு ஒரு விலை. உங்கள் லிட்டர் அளவையைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.


எழுதியவர்: பலாமரத்தடி

எல்லாருக்கும் நன்றிங்க. மிளகுக்கொடி அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரி மாரியம்மன் கோயில் திட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். தம்பி கதை வந்தபோது யாரும் பேசவில்லை. என் அம்மா மட்டும் "எட்டு மணி வண்டி" என்பதைத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

இரண்டு சந்தேகம். எங்கள் பாதையில் நடுவில் 800 மீட்டர் காப்புக்காடு. "வனத்துறை நிலம், ரோடு வரவே வராது" என்று பலர் இப்போதே கைவிடுகிறார்கள். இரண்டாவது, வண்டியைக் கோரிக்கையாக எழுதலாமா? சொந்தக் காசில் ஜீப் பேச 58 வீட்டிலும் வசதி கிடையாது.


எழுதியவர்: மிளகுக்கொடி

தம்பி, காடு என்றதும் கைவிட வேண்டாம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பாருங்கள். காட்டில் வாழும் மக்களின் ஊர்களுக்கு அரசு செய்து தரும் 13 வசதிகளுக்கு வன நிலத்தை ஒதுக்கலாம் என்று அதில் இருக்கிறது. பள்ளியும் அந்தப் பட்டியலில் உண்டு, ரோடும் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். உங்கள் 800 மீட்டரை 6 மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் 4,800 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். பாதிகூட வரவில்லை. கிராம சபையின் பரிந்துரை இல்லாமல் கோப்பு நகராது, அதனால் அக்டோபர் 2 அன்று வெறும் மனு கொடுத்துவிட்டு வராதீர்கள். தீர்மானமாக எழுதி, தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, நகல் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்கு முன் இரண்டு பேர் போய் அந்த 800 மீட்டரில் நிற்கும் மரங்களை எண்ணி, எந்த மரம், எவ்வளவு சுற்றளவு என்று எழுதி வையுங்கள். எங்கள் ஊரில் இந்த எண்ணிக்கை இல்லாமல் போய் ஒரு வருடம் வீணானது.

வண்டியைத் தாராளமாக எழுதலாம். கல்வி உரிமைச் சட்ட விதிப்படி ஆறு முதல் எட்டாவது வரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். உங்களுக்கு 5. அவ்வளவு தூரத்தில் இருக்கும் குக்கிராமப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, வழிக்காவலர் வசதி உண்டு. பிள்ளைகளின் பெயர், வகுப்பு, வீட்டிலிருந்து பள்ளிக்குத் தூரம் மூன்றையும் பட்டியலாக்கித் தலைமை ஆசிரியர் மூலமாகவும் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகவும் கேளுங்கள். இதற்கு ரோடு வரும் வரை காத்திருக்க வேண்டாம், கோடையில் ஜீப் ஏறுகிறதல்லவா, இந்த வருடமே கேளுங்கள்.

பள்ளியை எட்டாவது வரை உயர்த்துவது பற்றி. 58 வீட்டில் ஆறு, ஏழு, எட்டாவதுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள் தேறுவார்கள் என்று முதலில் எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தனித்தனி ஆசிரியர் போடுவது சிரமம். அப்படிக் கிடைக்கும் நடுநிலைப் பள்ளியைவிட, 5 கிலோமீட்டரில் இருக்கும் முழுப் பள்ளிக்குத் தினமும் பத்திரமாகப் போய்வருவது பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். அம்மாவிடம் பேசிப் பாருங்கள், அவர் வேறு மாதிரி நினைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஒன்பது, பத்தாவதுக்குப் போகும் பையன்களை மட்டும் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்டு வேலை தொடங்கும் நாளில் முதல் ஆளாகக் கூப்பிடுவது அவர்களைத்தான்.

அப்புறம், ஜீப் அண்ணன் சொன்ன ஓரக் கால்வாய், சிறுபாலம் இரண்டையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் சேர்க்க மாட்டார்கள். வண்டிக்கு நேரத்தையும் எழுதுங்கள். "பள்ளி நேரத்துக்கு" என்று பொதுவாக எழுத வேண்டாம், எங்களுக்கு 10 மணி ஜீப் வந்தது அப்படித்தான். காலை 8 மணிக்கு ஊர்த் திட்டிலிருந்து, மாலை 4:30க்குப் பள்ளி வாசலிலிருந்து என்று இரண்டு நேரமும் எண்ணில் இருக்கட்டும். மரக் கணக்கு எடுக்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை எதுவென்று சொல்லுங்கள், நானும் தம்பியும் வருகிறோம். அவனிடம் நீளமான அளவு டேப் இருக்கிறது.